டியூப் 30 கிராம், கணக்கு 12 வாரம்: பெண்ணுறுப்பில் தீராத அரிப்புக்கும் வெள்ளைத் திட்டுக்கும் என்ன சிகிச்சை?

கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 57 வயது. மாதவிடாய் நின்று ஏழு வருடம் ஆகிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வருடமாகப் பெண்ணுறுப்பில் அரிப்பு. ராத்திரியில் தூக்கமே இல்லை. பூஞ்சைத் தொற்று என்று க்ளோட்ரிமசோல் க்ரீமும் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் பலமுறை கொடுத்தார்கள், பலனில்லை. இப்போது தோல் வெளுத்து, அங்கங்கே வெடிப்பு. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்றார், க்ளோபெட்டாசோல் ஆயின்மென்ட் எழுதினார். டியூப்போடு வந்த தாளில் பிறப்புறுப்பு அரிப்புக்குப் போடக்கூடாது என்று இருந்ததால் அம்மா பயந்து ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார். லேசர், பி.ஆர்.பி. ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்களைப் போடுவது) என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: மருத்துவர் எழுதியது சரியான மருந்து. தவறு அதை ஒரு வாரத்தில் நிறுத்தியதில்தான் இருக்கிறது. இந்த நோய்க்கு உலகம் முழுக்க முதல் வரிசை மருந்து, மிக வீரியமான ஸ்டீராய்டான க்ளோபெட்டாசோல் ப்ரொப்பியோனேட் 0.05 சதவீத ஆயின்மென்ட்தான். லேசரும் ஊசியும் அதற்குப் பின்னால், வெகு தூரத்தில் நிற்கின்றன. ஆனால் "தினமும் தடவுங்கள்" என்ற ஒரு வரியோடு இந்த மருந்தைக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் பயந்து நிறுத்துவார்கள், மீதிப் பேர் தப்பான இடத்தில் தடவுவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நோய். லைக்கன் ஸ்க்லெரோசஸ், சீட்டில் எல்.எஸ். அல்லது எல்.எஸ்.ஏ. என்று சுருக்கியிருப்பார்கள், தோலில் வரும் நாள்பட்ட அழற்சி. உடலின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வருவதாகக் கருதப்படுகிறது. தைராய்டு கோளாறு உள்ள பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பருவமடையாத சிறுமிகள், மாதவிடாய் நின்ற பெண்கள் ஆகிய இரண்டு வயதினருக்கு அதிகம் வரும். இது தொற்றாது. பால்வினை நோய் இல்லை. சுத்தக் குறைவால் வருவதும் இல்லை. சொல்லப்போனால், அளவுக்கு மீறிய சுத்தம்தான் இதை மோசமாக்கும்.

தோல் பீங்கான் போல வெளுத்து, கசக்கிய வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து சுருங்கியிருக்கும். பெண்ணுறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி எண் 8 வடிவில் பரவுவது இதன் முத்திரை. சொறிந்த இடத்தில் ரத்தம் கட்டிய சிவப்புப் புள்ளிகள், மடிப்புகளில் வெடிப்பு, மலம் கழிக்கும்போது எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். கவனிக்காமல் விட்டால் உள் உதடுகள் மெல்ல மெல்லக் கரைந்து வெளி உதட்டோடு ஒட்டிப் போகும், கிளிட்டோரிஸின் மேல்தோல் மூடிக்கொள்ளும், யோனி வாயில் சுருங்கும்.

வெள்ளை என்றதும் நம் வீடுகளில் வெண்புள்ளி பயம் வந்துவிடும். வெண்புள்ளியில் நிறம் மட்டும்தான் போகும். தோலின் மென்மை மாறாது, பொதுவாக அரிக்காது. இங்கே தோலின் தன்மையே மாறுகிறது.

பூஞ்சை மருந்து ஏன் கேட்கவில்லை? மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், யோனியில் கேண்டிடா பூஞ்சை வளர்வது பொதுவாகவே குறைந்துவிடும். விதிவிலக்கு சர்க்கரை நோயாளிகள். உங்கள் அம்மாவின் சர்க்கரை மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் என்று "க்ளிஃப்ளோசின்" வாலோடு முடிந்தால், அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது அதன் தெரிந்த பக்க விளைவு. அந்த மாத்திரை இருந்தால் பூஞ்சையும் லைக்கன் ஸ்க்லெரோசஸும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனித்தால் அரிப்பு அடங்காது. நீங்களாக நிறுத்த வேண்டாம், சர்க்கரை மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். மற்றபடி, துணியை விலக்கி விளக்கடித்துப் பார்க்காமலே பூஞ்சை மருந்து எழுதுவதும், மெடிக்கலில் கேட்டு வாங்குவதும்தான் இந்த நோய் வருடக்கணக்கில் மறைந்திருப்பதற்குப் பெரிய காரணம்.

இனி அந்தத் தாள். க்ளோபெட்டாசோல் தாளில் "பிறப்புறுப்பு அரிப்புக்குப் போடக்கூடாது" என்று இருப்பது உண்மைதான். காரணம் கண்டுபிடிக்காத வெறும் அரிப்புக்கு இதைத் தடவிக்கொண்டே போகாதீர்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் நோக்கம். மருத்துவர் பார்த்து லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்று உறுதிசெய்தவருக்கு அது பொருந்தாது. இன்னொரு குழப்பம்: "ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும்" என்கிறார்கள், அம்மாவின் தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, பிறகு எப்படித் தடவுவது? அந்த மெலிவு நோயால் வந்தது. அழற்சி அடங்கினால் தோல் தேறும், வெடிப்பு மூடும்.

வாங்கும்போது டியூப்பின் பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். நம் கடைகளில் க்ளோபெட்டாசோல் தனியாகவும் கிடைக்கும், கலவையாகவும் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் "எஸ்" இருந்தால் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் சேர்ந்தது; அது இந்த இடத்தில் நெருப்பாக எரியும். "ஜிஎம்" போன்ற எழுத்துகள் இருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்தது; அதில் நியோமைசின் இருந்தால் அதற்கே ஒவ்வாமை வரலாம். க்ரீமா, ஆயின்மென்ட்டா என்பதும் முக்கியம். ஆயின்மென்ட் வாசலின் மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் அதில் குறைவு என்பதால் எரிச்சலும் குறைவு. க்ரீம் வெள்ளையாக, தடவியதும் மறையும். வெடித்த தோலில் சுரீரென்று எரியும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துகிறவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது க்ரீமில் கலந்திருக்கும் பிற பொருள்கள்தான்.

பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: முதல் 4 வாரம் தினமும் இரவு ஒரு வேளை, அடுத்த 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கடுத்த 4 வாரம் வாரத்துக்கு இரண்டு நாள். மொத்தம் 12 வாரம். ஒரு வேளைக்கு விரல்நுனி அளவு, அதாவது ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய ஒரு கோடு, ஏறக்குறைய அரை கிராம். கணக்குப் போட்டால் 28, 14, 8 என்று ஐம்பது தடவை. அரை கிராம் வீதம் 25 கிராம். அதனால்தான் 30 கிராம் டியூப் ஒன்று 12 வாரத்துக்குப் போதும் என்கிறார்கள். சிறிய இடமாக இருந்தால் அரைக் கோடே போதும். பல டியூப்களின் வாய் குறுகலாக இருப்பதால் கோடு மெல்லியதாக விழும். ஆகவே கோட்டின் நீளத்தை விட, டியூப் எத்தனை நாளில் தீர்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு மாதத்தில் தீர்ந்தால் அதிகம் போகிறது. மூன்று மாதம் கழித்தும் முக்கால்வாசி இருந்தால் நோய்க்கு மருந்தே போய்ச் சேரவில்லை. எனக்குத் தெரிந்தவரை இரண்டாவது வகைதான் ஏராளம்.

எங்கே தடவுவது என்பதில்தான் பெரிய கோட்டை விடுவார்கள். பாதிப் பேர் வெளி உதட்டின் மேல், முடி இருக்கும் இடத்தில் பூசிவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே நோயும் குறைவு, ஸ்டீராய்டால் தோல் கெடுவதும் அங்கேதான் சீக்கிரம். ஒரு கைக்கண்ணாடியைத் தரையிலோ ஸ்டூலிலோ வைத்து, நல்ல வெளிச்சத்தில், குத்தவைத்தோ ஒரு காலைத் தூக்கி வைத்தோ பார்க்கச் சொல்லுங்கள். முட்டி வலியால் குனிய முடியாதவர் படுத்துக்கொண்டு பார்க்கலாம். வெளுத்த இடம் எதுவோ அங்கேதான் மருந்து: கிளிட்டோரிஸின் மேல்தோலும் அதன் இரு பக்கமும், உள் உதடுகளின் இரு புறமும், யோனி வாயிலின் கீழ்ப்பகுதி, அங்கிருந்து ஆசனவாய் வரையுள்ள பாலம், நோய் பரவியிருந்தால் ஆசனவாயைச் சுற்றியும். யோனிக்குள் வேண்டாம், இந்த நோய் பொதுவாக உள்ளே போவதில்லை. முதல் முறை மருத்துவரோ நர்ஸோ கண்ணாடியில் காட்டித் தந்தால் நல்லது, தயங்காமல் கேளுங்கள்.

இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, விரலால் மெல்லத் தேய்த்து இறங்கவிடவும். மேலே தடவும் வாசலினோ தேங்காய் எண்ணெயோ இருந்தால் அரை மணி நேரம் கழித்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. முதல் மூன்று நான்கு நாள் லேசாக எரிவது சகஜம். வெடிப்பு ஆறியதும் அது போய்விடும்.

என்ன எதிர்பார்க்கலாம்? அரிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஆபத்தான கட்டம் இதுதான், ஏனென்றால் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துவது இங்கேதான். அரிப்பு போவதும் அழற்சி போவதும் ஒன்றல்ல. ரத்தக்கட்டும் வெடிப்பும் சில வாரங்களில் மறையும், தடித்த இடம் இளகும். வெள்ளை நிறம் முழுக்கப் போகலாம், ஓரளவு நின்றுவிடவும் செய்யலாம்; அதை மட்டும் வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒட்டிப்போன உதடும் மூடிக்கொண்ட கிளிட்டோரிஸும் ஆயின்மென்ட்டால் பழையபடி திறக்காது. இருப்பதைக் காப்பாற்றுவதே மருந்தின் வேலை, அதனால்தான் தாமதிக்கக் கூடாது.

பக்க விளைவு இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். அதிக அளவில், நீண்ட நாள், ஆரோக்கியமான தோலில் தடவினால் அந்த இடம் செக்கச்செவேலென்று ஆகி எரியும். தொடையிடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழலாம். பூஞ்சை அடங்கியிருந்தால் தலைதூக்கும்: வெள்ளைப்படுதலோடு திடீரென அரிப்பு திரும்பினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரு மாத்திரையில் அடங்கும், சர்க்கரை இருந்தால் மருத்துவர் கூடுதலாகக் கொடுப்பார். அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரினோ வேறு மாத்திரைகளோ சாப்பிட்டால் ஃப்ளூகோனசோலுக்கு முன் சொல்லியாக வேண்டும். கொத்தாகக் கொப்புளம் வந்து வலித்தால் அது ஹெர்ப்பீஸாக இருக்கலாம். ஆயின்மென்ட்டை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

12 வாரத்துக்குப் பிறகு? இந்த நோய் குணமாவதில்லை, அடங்கியிருக்கும். அடக்கிவைக்க வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை தொடர வேண்டும், அரிப்பு இல்லாவிட்டாலும்கூட. வருடத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை செலவாவது பாதுகாப்பான அளவாகவே கருதப்படுகிறது. சில மருத்துவர்கள் இந்தக் கட்டத்தில் மோமெட்டசோன் 0.1 சதவீத ஆயின்மென்ட்டுக்கு மாற்றுவார்கள்; அதுவும் சரியே.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லைக்கன் ஸ்க்லெரோசஸ் புற்றுநோய் அல்ல, ஆனால் கவனிக்காமல் விட்ட தோலில் புற்று வரலாம். வாய்ப்பு இருபதில் ஒருவருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைச் சராசரியாக நான்கரை வருடத்துக்கு மேல் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்தை ஒழுங்காகத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் புற்றோ அதன் முன்நிலையோ வரவில்லை. விட்டுவிட்டுத் தடவியவர்களில் 4.7 சதவீதம் பேருக்கு வந்தது. புதிதாக ஒட்டிப்போவது தொடர்ந்தவர்களில் 3.4 சதவீதம், விட்டுவிட்டுத் தடவியவர்களில் 40 சதவீதம். ஸ்டீராய்டுக்குப் பயந்து நிறுத்துவது பாதுகாப்பு என்று தோன்றும்; எண்கள் நேர் எதிராகச் சொல்கின்றன.

ஒழுங்காகத் தடவியும் கேட்காவிட்டால் உடனே மருந்தை மாற்றாமல் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். மருந்து உண்மையில் நோய் இருக்கும் இடத்தில்தான் போகிறதா? இருமும்போது தும்மும்போது சிறுநீர் கசிகிறதா? மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகச் சாதாரணம், கேட்டால் ஒழியச் சொல்லமாட்டார்கள். நாள் முழுக்கச் சிறுநீரில் நனையும் தோலில் எந்த ஆயின்மென்ட்டும் தோற்றுத்தான் போகும். சிறுநீர் கழிக்கும் முன் மெல்லிய படலமாக வாசலின் தடவிக்கொள்வது உதவும். கசிவுக்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். பூஞ்சை சேர்ந்திருக்கிறதா? வேறு எதையாவது ரகசியமாகத் தடவுகிறார்களா? கடைசியாக, நோயின் பெயரே சரிதானா? அதற்குத்தான் பயாப்ஸி, அதாவது தோலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது. மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவில் பேனா முனை போன்ற கருவியால் தோலைச் சுரண்டாமல் வட்டமாக வெட்டி எடுப்பார்கள்; பத்து நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். எல்லோருக்கும் அவசியமில்லை. ஆறாத புண், தடித்த திட்டு, கட்டி, சந்தேகமான நிறமாற்றம், மூன்று மாதமாகியும் பலன் இல்லாமை, இவற்றில் ஏதாவது இருந்தால் தவிர்க்கக் கூடாது.

சில சமயம் தோல் நன்றாகத் தேறியிருக்கும், எரிச்சல் மட்டும் போகாது. அப்போது இன்னும் ஸ்டீராய்டை ஏற்றுவது வீண். நரம்பு வலியாக மாறியிருக்கலாம்; இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், லிடோகெயின் ஆயின்மென்ட், இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி என்று பாதை வேறு.

இப்போது மாற்று மருந்துகள். இரண்டாவது வரிசையில் இருப்பது டாக்ரோலிமஸ் 0.03 அல்லது 0.1 சதவீத ஆயின்மென்ட், பைமெக்ரோலிமஸ் 1 சதவீத க்ரீம். தோலை மெலியவைக்காது என்பது இவற்றின் பலம். முதல் ஒன்றிரண்டு வாரம் மிளகாய் பட்டதுபோல் எரியும் என்பது பலவீனம். பலனிலும் க்ளோபெட்டாசோலுக்குப் பின்தான். இவற்றின் மீது 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை புற்றுநோய் எச்சரிக்கை ஒட்டியது; நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றாலும், புற்று வாய்ப்பு ஏற்கெனவே உள்ள தோலில் கண்காணிப்போடுதான் போட வேண்டும். தடித்துப்போன ஒரு குறிப்பிட்ட திட்டுக்கு அதற்குள்ளேயே ட்ரையம்சினலோன் ஊசி போடுவதுண்டு. எதற்கும் அடங்காதவர்களுக்கு மாத்திரைகள் உண்டு, அது நிபுணர் வேலை. டெஸ்டோஸ்டிரோன் களிம்பு பழைய வழக்கம். இன்று யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

லேசரைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஃப்ராக்ஷனல் கார்பன் டைஆக்ஸைடு லேசரை, லேசர் போடுவதுபோல் பாவனை செய்த சிகிச்சையோடு ஒப்பிட்டு 2021-ல் வெளியான ஆய்வில், தோலின் திசுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பி.ஆர்.பி. ஊசியும் 2019-ல் மருந்தில்லா ஊசியோடு ஒப்பிட்ட சிறிய ஆய்வில் தேறவில்லை. "யோனிப் புத்துணர்வு" என்ற பெயரில் லேசர் விற்பதை எதிர்த்து அமெரிக்கத் துறையே 2018 ஜூலையில் எச்சரித்தது. சில ஆயிரங்களை இதில் போட்டுவிட்டு, சில நூறு ரூபாய் டியூப்பை நிறுத்துவதுதான் நடக்கக்கூடிய மிக மோசமான பேரம். அறுவை சிகிச்சை நோயைத் தீர்க்காது. வெட்டி எடுத்த இடத்திலும் திரும்ப வரும். யோனி வாயில் மூடிப்போய் உறவோ சிறுநீரோ தடைபட்டால், அல்லது புற்று இருந்தால், அப்போதுதான் கத்தி. அதுவும் நோய் அடங்கிய பிறகு, ஆறிய கையோடு மீண்டும் ஆயின்மென்ட்டைத் தொடங்கும் திட்டத்தோடு.

லைக்கன் ஸ்க்லெரோசஸ் போலவே ஏமாற்றும் வேறு சிலவும் உண்டு. லைக்கன் சிம்ப்ளெக்ஸ் என்பது சொறிந்து சொறிந்தே உண்டாகும் நோய்: தோல் மரப்பட்டை போலத் தடித்து, கோடுகள் ஆழமாகி, முடி தேய்ந்து கிடக்கும். சொறியச் சொறிய ஊறும், ஊற ஊறச் சொறியும். இதற்கும் வீரிய ஸ்டீராய்டு ஆயின்மென்ட்தான், ஆனால் அதோடு அந்த வட்டத்தை அறுக்க வேண்டும்: நகத்தை ஒட்ட வெட்டுவது, இரவில் பருத்திக் கையுறை, ஊறும்போது ஈரத்துணியில் சுற்றிய குளிர்ந்த பை, தூக்கத்தில் சொறியாமலிருக்கப் படுக்கும் முன் ஹைட்ராக்ஸிசின் 10 முதல் 25 மில்லிகிராம். வயதானவர்கள் அதைச் சாப்பிட்டால் இரவில் எழும்போது தள்ளாடி விழக்கூடும், கவனம். லைக்கன் சிம்ப்ளெக்ஸுக்கு அடியில் பூஞ்சையோ ஒவ்வாமையோ லைக்கன் ஸ்க்லெரோசஸோ ஒளிந்திருப்பதும் உண்டு.

லைக்கன் பிளானஸ் இன்னும் முரட்டுத்தனமானது. யோனி வாயிலில் பளபளவென்று சிவந்த புண், அதன் ஓரத்தில் வெள்ளை வலை. அரிப்பை விட வலியும் எரிச்சலும் அதிகம். ஸ்க்லெரோசஸ் போலன்றி இது யோனிக்குள்ளும் போகும், சுவர்களை ஒட்டவைக்கும். காரம் பட்டால் வாய் எரிகிறதா, ஈறு உரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்; கன்னத்தின் உட்புறம் வெள்ளை வலை தெரிந்தால் துப்புக் கிடைத்துவிட்டது. க்ளோபெட்டாசோலோடு யோனிக்குள் வைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஒட்டாமலிருக்க டைலேட்டர் என்னும் விரிக்கும் கருவி, தேவைப்பட்டால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரை வரை போக வேண்டியிருக்கும்.

சோரியாசிஸ் இந்த இடத்தில் செதில் இல்லாமல், வரம்பு தெளிவான சிவப்பாக வரும். தலையிலோ முழங்கையிலோ தடயம் தேடுங்கள்.

ஒவ்வாமை மற்றும் எரிச்சல் அழற்சி தனி நோயாகவும் வரும், மற்ற எல்லா நோயோடும் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். குளியலறை அலமாரியைக் காலி செய்வதிலிருந்தே தொடங்கலாம். டெட்டால் கலந்த தண்ணீர், வாசனை சோப்பு, பெண்ணுறுப்புக்கென்றே விற்கும் வாஷ்கள், ஈர டிஷ்யூ, வாசனை பேட், முடி நீக்கும் க்ரீம், வேப்பிலை அரைத்துப் பூசுவது, மஞ்சள், படிகாரம், எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். உள்ளே பீய்ச்சிக் கழுவவே கூடாது. துணியை இருமுறை அலசி சோப்பு போக்கி உலர்த்தவும். வீட்டில் பாவாடையோ நைட்டியோ போதும், இரவில் உள்ளாடை வேண்டாம். இறுக்கமான லெக்கிங்ஸ் உரசும் இடத்தில் லைக்கன் ஸ்க்லெரோசஸ் புதிதாக முளைக்கும்; சவரக் கீறலும் அதையே செய்யும். தேங்காய் எண்ணெய் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம், வாசனை சேர்க்காத எண்ணெய் நல்ல மேற்பூச்சுதான். ஆனால் அது மருந்துக்குத் துணை, பதில் அல்ல.

மாதவிடாய் நின்ற பின் யோனி வறண்டு மெலிவது இன்னொரு தனிப் பிரச்சினை, அம்மாவுக்கு இதுவும் சேர்ந்திருக்கலாம். ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் க்ரீமை இரண்டு மூன்று வாரம் தினமும் இரவு உள்ளே வைத்து, பிறகு வாரத்துக்கு இரண்டாகக் குறைப்பார்கள். மார்பகப் புற்று வந்தவர் என்றால் அந்த மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் லைக்கன் ஸ்க்லெரோசஸைக் குணமாக்காது. இரண்டும் இரண்டு வேலை, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. உறவின்போது வலித்தால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை அது. நோய் அடங்கும்வரை நிறுத்திவைத்து, பிறகு வழவழப்புக்கான ஜெல்லோடு தொடங்கலாம். ஆயின்மென்ட் தடவிய இரவில் வேண்டாம். வாசலின் சேர்ந்த எந்தப் பூச்சும் ரப்பர் ஆணுறையைக் கிழிக்கும்.

சிறுமிகள் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் யாருக்காவது உதவும். அவர்களுக்கு அரிப்பை விட மலச்சிக்கலும் சிறுநீர் எரிச்சலும் முன்னால் வரும். வெடிப்பு வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவார்கள். ரத்தக்கட்டைப் பார்த்து யாரோ தவறாகத் தொட்டுவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுவதுண்டு. குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும், சந்தேகத்தை ஒதுக்கவும் கூடாது. ஆனால் தோல் மருத்துவர் பார்க்காமல் முடிவுக்கு வரவும் கூடாது. சிகிச்சை அதே க்ளோபெட்டாசோல்தான், மருத்துவர் கண்காணிப்பில். பருவமடைந்தால் தானாகப் போய்விடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

யாரிடம் போவது? தோல் மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ, இந்த இடத்தைப் பழகிய கண் இருந்தால் போதும். அரசு மருத்துவமனைகளில் பல இடங்களில் தோல் பிரிவோடு பால்வினை நோய்ப் பிரிவும் சேர்ந்தே இருக்கும். பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இடையில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கையில் தட்டுப்படும் கட்டி, மரு போலத் தடித்த வெள்ளை, தானாக ரத்தம், இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

அம்மா நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, 12 வாரத்தை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். டியூப்பின் மேல் தொடங்கும் தேதியைப் பேனாவால் எழுதுங்கள். காலண்டரில் தடவிய நாளை வட்டமிடட்டும். அடுத்த முறை போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் மிச்ச டியூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். மருந்து கேட்கவில்லையா, மருந்து போகவே இல்லையா என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.